மூடிய ஹெட்போனில் ஏதோ சரியில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

போகும் வழியில் பாட்டுக் கேட்கலாம் என்று, அதிகம் செலவில்லாமல் ஒரு மூடிய வகை ஹெட்போன் வாங்கியாயிற்று. காதை மூடும் கப்பின் பின்புறம் அடைத்திருக்கும். வெளிச்சத்தம் அவ்வளவாக உள்ளே வராது, நம் பாட்டும் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாது. இதற்காகத்தான் இந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் இரண்டாம் நாளே ஏதோ இடிக்கிறது. பேஸ் (கீழ் ஸ்வர ஒலி) இல்லை, அல்லது சத்தம் போதவில்லை, அல்லது அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது.

அவசரப்பட வேண்டாம். நான் பார்த்தவரை குறை பெரும்பாலும் ட்ரைவரில், அதாவது ஒலியை எழுப்பும் பகுதியில், இருப்பதில்லை. கப்பைச் சுற்றி இருக்கும் மெத்தையான பேட் நம் தோலில் உட்காரும் இடத்தில் இருக்கும், அல்லது கேபிள் முனையில் உள்ள பின் ஃபோனுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும். இந்த இரண்டு இடங்களையும் பார்க்காமல் அடுத்த ஹெட்போனை வாங்கினால் அதே குறை அதிலும் வந்து நிற்கும். பார்த்துவிட்டு வாங்கினால், அடுத்ததில் எதைத் தேட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். அதே ஹெட்போனை வேறொரு ஃபோனிலோ லேப்டாப்பிலோ செருகிக் கேளுங்கள். அதே ஃபோனில் வேறொரு இயர்போனைச் செருகிக் கேளுங்கள். கேபிள் கழற்றக்கூடியது என்றால் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். குறை எதனோடு சேர்ந்து நகர்கிறதோ, காரணம் அதில் இருக்கிறது. ஃபோனில் ஈக்வலைசர் (பேஸையும் மேல் ஸ்வரங்களையும் கூட்டிக் குறைக்கும் அமைப்பு), சரவுண்ட், 'ஒலி மேம்பாடு' என்று எது ஓடிக்கொண்டிருந்தாலும் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். பாட்டு உங்களுக்கு மனப்பாடமான ஒன்றாக இருக்கட்டும். குரல் நடுவிலும், அடியில் தெளிவான பேஸும் இருக்கிற பாட்டு என்றால் நல்லது.

"பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது"

மூடிய ஹெட்போன் பற்றி அதிகம் கேட்கும் புகார் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எனவே இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் கப்புகளை மெதுவாகத் தலையோடு சேர்த்து அழுத்துங்கள். பேஸ் சட்டென்று திரும்பி வருகிறதா? அப்படியென்றால் ஹெட்போன் நன்றாகவே இருக்கிறது. காற்றுதான் கசிகிறது.

காதுக்கும் ட்ரைவருக்கும் நடுவே பேட் ஒரு சின்னக் காற்றறையை உருவாக்குகிறது. கீழ் ஸ்வரங்களில் ட்ரைவர் அந்த அறைக்குள் இருக்கும் காற்றை அழுத்தித் தளர்த்துகிறது. அந்த அழுத்த மாற்றமே காதில் பேஸாக விழுகிறது. அறையில் ஓர் ஓட்டை இருந்தால் அழுத்தம் அதன் வழியாக வெளியேறிவிடும். மேல் ஸ்வரங்கள் வேகமாக அதிர்வதால் அவற்றுக்குச் சின்ன ஓட்டை ஒரு பொருட்டில்லை, பேஸ் மட்டும் காணாமல் போகிறது. மூக்குக் கண்ணாடிக் காம்பின் தடிமன் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தாலே வித்தியாசம் நன்றாகக் கேட்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹெட்போனில் பேஸ் போதவில்லை என்று சொல்லி நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு வாரம் கேட்டுவிட்டு, இதில் பேஸ் அதிகமாகவே இருக்கிறதே என்றார். நான் கண்ணாடி போடுபவன், அவர் போடாதவர். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த ஹெட்போனைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதென்றாலும், கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் கேட்ட பிறகே சொல்கிறேன்.

கசிவைத் தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. கண்ணாடிக் காம்பு பேடைக் கிழித்துக்கொண்டு போகும் இடம் முதலாவது. காதுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் இரண்டாவது, பலருக்கு அங்கேதான் பேட் தோலைத் தொடுவதே இல்லை. கப்புக்குள் சிக்கிய கற்றை முடி, பெரிய காதணி ஆகியவையும் சேரும். ஹெட்பேண்டின் நீளம் சரியில்லாவிட்டால் கப் மேலேயோ கீழேயோ தூக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு படி நீட்டியும் குறைத்தும் கேளுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கப்பை அரை விரல் முன்னே நகர்த்தியும் பின்னே நகர்த்தியும் பாருங்கள்.

பழைய ஹெட்போன் என்றால் பேடைத் தடவிப் பாருங்கள். செயற்கைத் தோல் வியர்வையிலும் ஈரக் காற்றிலும் சில ஆண்டுகளில் உரிந்து கறுப்புச் செதிலாக உதிரும். உள்ளே இருக்கும் நுரையும் அமுங்கித் தட்டையாகிவிடும். மெல்ல மெல்லப் பேஸ் குறைந்துகொண்டே வந்ததென்றால் காரணம் இதுதான். புது பேட் மாட்டினால் ஹெட்போன் மறுபிறவி எடுத்த மாதிரி இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தடிமனான பேட் போட்டால் காதுக்கும் ட்ரைவருக்கும் உள்ள தூரம் மாறும், ஒலியும் மாறும். வெல்வெட் மாதிரி துணி பேட் போட்டால் காதுக்குக் காற்றோட்டம் கிடைக்கும், ஆனால் துணி வழியாகக் காற்றும் போகும், பேஸும் கொஞ்சம் கூடவே போகும். அசல் பேடின் அளவும் வடிவமும் கொண்டதையே முதலில் தேடுங்கள்.

அழுத்தினாலும் பேஸ் வரவில்லை, குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் எங்கேயோ பரவிக் கிடக்கிறது என்றால் ஒரு பக்கத்து ட்ரைவரின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். ஒரு பக்கம் காற்றைத் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கும். பழுதுபார்த்துத் திரும்பி வந்த ஹெட்போனில் இதை முதலில் சந்தேகியுங்கள். ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ' ஒலியைப் போட்டுக் கேளுங்கள். குரல் ஒரு புள்ளியாக நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு பக்கத்துப் பற்றவைப்பை மாற்ற வேண்டியதுதான்.

இதெல்லாம் அடுத்த தேர்வுக்கு என்ன சொல்கிறது? கசிவு உங்கள் தலையின் வடிவத்தால் வருகிறதென்றால், அதிக பேஸ் உள்ள மாடலைத் தேடுவதில் பயனில்லை. மென்மையான, ஆழமான பேட் உள்ளதைத் தேடுங்கள். கப் மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் இரண்டு திசையிலும் திரும்ப வேண்டும். காதின் மேல் உட்காரும் சின்ன வகையைவிடக் காதை முழுதாகச் சூழும் வகை கண்ணாடிக்காரர்களுக்கு நல்லது.

"சத்தம் போதவில்லை, முழு வால்யூமிலும் மெல்லத்தான் கேட்கிறது"

முதலில் எளிதானவற்றைப் பாருங்கள். ஃபோனில் வால்யூம் உச்ச வரம்பு போட்டிருக்கிறதா? பாட்டுச் செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பு ஓடுகிறதா? இல்லையென்றால் ஹெட்போனின் இரண்டு எண்களுக்குப் போக வேண்டும்: மின்தடை, உணர்திறன். முதலாவது, ஹெட்போன் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது, ஓமில் வரும். இரண்டாவது, கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது, டெசிபலில் வரும்.

ஓம் குறைந்தால் போதும், ஃபோனில் நன்றாக ஓடும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஓர் உதாரணம் பார்ப்போம். ஆடியோ டெக்னிகாவின் எம்50எக்ஸ் 38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வடிவங்களில் வந்தது. அதில் 250 ஓம் வடிவம் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். பார்த்தால் 3 டெசிபல்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஃபோன் தரக்கூடிய வோல்ட்டுக்கு ஓர் உச்சம் உண்டு, ஓம் கூடினால் அதே வோல்ட்டில் கிடைக்கும் மில்லிவாட் குறையும். அரை வோல்ட் தரும் ஒரு சாதனத்தில் எம்50எக்ஸ் ஏறக்குறைய 107 டெசிபல் வரை போகும், 250 ஓம் டிடி 770 அதே அரை வோல்ட்டில் 96-இல் நின்றுவிடும். இடைவெளி 11 டெசிபல். காதுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம்.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. சில நிறுவனங்கள் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்று போடும், சில ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று போடும். இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. 32 ஓம் ஹெட்போனில் வோல்ட் கணக்கு எண் மில்லிவாட் கணக்கு எண்ணைவிட 15 டெசிபல் அதிகமாகத் தெரியும், 250 ஓமில் 6 டெசிபல் அதிகமாகத் தெரியும். ஏகேஜி கே371-க்கு 114 டெசிபல் என்று பார்த்தவுடன் எம்50எக்ஸை விட மிகச் சத்தமானது என்று நினைத்துவிடாதீர்கள். அது வோல்ட் கணக்கு. 32 ஓமுக்கு 15-ஐக் கழித்தால் அதுவும் 99-தான்.

ஃபோனில் ஜாக் துளை இல்லாமல், சி வகை யூஎஸ்பி துளைக்குச் சின்ன அடாப்டர் போட்டுக் கேட்பவராக இருந்தால் அடாப்டரையும் சந்தேகியுங்கள். அடாப்டர் இரண்டு வகை. ஒன்றில் உள்ளேயே எண்ணிம ஒலியை மின் அலையாக மாற்றும் சிப் இருக்கும். இன்னொன்று வெறும் கம்பி, ஃபோனே அந்தத் துளை வழியாக மாற்றிய ஒலியைத் தந்தால்தான் வேலை செய்யும். ஒலியே வரவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பொருந்தாத ஃபோனில் செருகியிருப்பீர்கள். சிப் உள்ளவற்றிலும் வேறுபாடு இருக்கிறது. ஆப்பிளின் சி வகை அடாப்டர் அமெரிக்காவில் விற்கும் வடிவத்தில் சுமார் 1 வோல்ட் தருகிறது, ஐரோப்பாவில் விற்கும் வடிவத்தில் அதில் பாதிதான். அதே அடாப்டரைப் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் போட்டால், அடாப்டருக்குள் இருக்கும் வால்யூமை ஃபோன் முழுதாக ஏற்றாததால் சத்தம் மிகவும் குறைந்துவிடும். குறை ஹெட்போனில் இல்லை.

கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் என் கருத்து இது: 32 முதல் 64 ஓம், மில்லிவாட்டுக்கு 98 டெசிபலுக்குக் குறையாமல். இந்த வரம்புக்குள் இருந்தால் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படாது. ஹெட்போனுக்காக இன்னொரு பெட்டியையும் அதற்கொரு சார்ஜரையும் சுமக்க வேண்டியிருந்தால், போகும் வழியில் கேட்பது என்ற நோக்கமே அடிபட்டுப் போகும்.

"இசை கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் காணோம்"

புதிதாகப் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும், பேஸும் போயிருக்கும், பின்னணி வாத்தியங்கள் மட்டும் விசித்திரமாக மிதக்கும். ட்ரைவர் போய்விட்டதோ என்று தோன்றும். ட்ரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இடது, வலது இரண்டு ட்ரைவர்களும் ஒரே தரைக் கம்பி வழியாகத்தான் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அந்தக் கம்பி எங்காவது விடுபட்டால் இரண்டு ட்ரைவர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி ஆகிவிடும். அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரலும் பேஸும் வழக்கமாக இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

காரணம் பெரும்பாலும் பின் முழுதாக உள்ளே போகாததுதான். ஃபோனுக்கு மாட்டியிருக்கும் உறையைக் கழற்றிவிட்டுச் செருகிப் பாருங்கள். தடித்த உறை பின்னை அரை மில்லிமீட்டர் வெளியே பிடித்து வைத்திருக்கும். அப்புறம் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையில் மாதக்கணக்கில் இருந்த ஃபோனில் துணித் தூசி அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். ஃபோனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள், உலோக ஊசி வேண்டாம்.

மைக் பொத்தான் உள்ள கேபிளைப் பழைய கருவியில் செருகும்போது வரும் வேறொரு காரணமும் உண்டு. நான்கு உலோக வளையம் உள்ள பின்னில் தரைக் கம்பியையும் மைக்கையும் எந்த வளையத்தில் வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் இருந்தன: சிடிஐஏ, ஓஎம்டிபி. இப்போது பெரும்பாலும் முதலாவதுதான். இரண்டும் மாறிப்போனால் குரல் காணாமல் போகும். சோதிப்பது எளிது. மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் சரியாக வந்தால் இதுதான் காரணம். மைக் இல்லாத மூன்று வளையக் கேபிளுக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்தது.

"ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது" அல்லது "ஒரு பக்கம் மெல்லக் கேட்கிறது"

அணுகல்தன்மை அமைப்பில் இடது வலது சமநிலைக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழந்தைகள் கையில் ஃபோன் போய் வந்திருந்தால் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஹெட்போனைத் திருப்பி, இடது கப்பை வலது காதில் மாட்டுங்கள். குறையும் கூடவே மறு காதுக்கு நகர்ந்தால் ஹெட்போன், கேபிள், ஃபோன் இவற்றில் ஒன்று. குறை அதே காதிலேயே நின்றால் அந்தப் பக்கம் பேட் சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. காதில் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், குச்சியை விட்டுக் குடைய வேண்டாம்.

ஹெட்போன்தான் என்று தெரிந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். பாட்டை ஓடவிட்டு, பின்னுக்கு மேலே உள்ள ரப்பர் கழுத்தை மெல்ல வளையுங்கள். அப்புறம் கப்புக்குள் கேபிள் நுழையும் இடம். கடைசியாக மடக்கும் மூட்டு. எங்கே வளைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறதோ, அங்கே உள்ளே செம்பு இழை அறுந்திருக்கிறது. பையிலும் பாக்கெட்டிலும் போய் வருகிற ஹெட்போனில் முதலில் சாவது பின்னை ஒட்டிய கேபிள்தான். இதனால்தான் விலை குறைந்ததாக இருந்தாலும் கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதை வாங்குங்கள் என்று யாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். ஓர் இழை அறுந்ததற்காக நல்ல ஹெட்போனைத் தூக்கிப் போடுவது மனதுக்கு வருத்தமான காரியம்.

ஆடியோ டெக்னிகாவின் எம் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்20எக்ஸ், எம்30எக்ஸ் இரண்டிலும் கேபிள் நிரந்தரம். எம்40எக்ஸிலும் எம்50எக்ஸிலும் கழற்றலாம். ஆனால் கப் பக்கம் 2.5 மில்லிமீட்டர் திருகிப் பூட்டும் பின் என்பதால் கண்ட கேபிளும் பொருந்தாது. எம்50எக்ஸ் பெட்டியில் நடந்துபோகும்போது பயன்படும் 1.2 மீட்டர் நேர் கேபிளும் வருகிறது, எம்40எக்ஸ் பெட்டியில் சுருள் கேபிளும் 3 மீட்டர் கேபிளும் மட்டும். வெளியே எடுத்துப்போக எம்40எக்ஸ் வாங்குபவர், குட்டைக் கேபிளுக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சோனியின் எம்டிஆர்-7506 1991-இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்துக்கொண்டிருக்கும் அருமையான ஹெட்போன். மடக்கலாம், கனமும் குறைவு. ஆனால் கழற்ற முடியாத கனத்த சுருள் கேபிள். மேசைக்கு எடுத்துச் சென்று அமர்ந்து கேட்பவருக்குப் பொருந்தும், நடந்துகொண்டே கேட்பவருக்கு அந்தச் சுருள் ஒரு பாரம்.

"கரகரப்பு, உரசல், டம் டம் என்று ஏதோ"

எப்போது வருகிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

பாட்டை நிறுத்தினாலும், நீங்கள் அசையும்போதெல்லாம் உரசல் கேட்கிறதா? கேபிள் சட்டையில் தேய்கிறது. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி, மூடிய கப் அந்த அதிர்வை நேராகக் காதுக்குக் கொண்டுவருகிறது. கேபிளைச் சட்டைக்குள் விட்டு வாருங்கள், அல்லது கழுத்துப் பக்கம் ஒரு கிளிப்பால் பிடித்து வையுங்கள். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் டம் என்று கேட்பதும் இயல்புதான். காதை அடைத்தால் நம் எலும்பு வழி வரும் சத்தம் உள்ளேயே சிக்கிப் பெரிதாகக் கேட்கிறது. மூடிய ஹெட்போன் எதிலும் இது கொஞ்சம் இருக்கும். அதிகம் நடப்பவருக்கு, ஓடுபவருக்கு இந்த வகையே பொருந்தாமல் போகலாம். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கப்பை அழுத்தும்போது மட்டும் 'சரக்' என்று மெல்லிய காகிதம் நசுங்கும் ஒலி வருகிறதா? காற்று அழுத்தத்தில் ட்ரைவரின் சவ்வு வளைந்து நிமிர்கிறது. பேட் நன்றாக அடைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். பயப்பட வேண்டாம், வேண்டுமென்றே அழுத்திக்கொண்டும் இருக்க வேண்டாம்.

குறிப்பிட்ட பேஸ் ஸ்வரத்தில் மட்டும் 'ஸ்ஸ்ர்' என்று ஒரு பக்கம் அதிர்கிறதா? பேடைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு தலைமுடி பாதுகாப்புத் துணியைத் தாண்டிச் சவ்வின் மேல் படுத்திருக்கும். ஒட்டும் நாடாவின் நுனியால் மெல்லத் தொட்டு எடுங்கள். தூசி உறிஞ்சும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், சவ்வு இழுபட்டு மடிந்துவிடும். முடி எதுவும் இல்லையென்றால், குறைந்த வால்யூமில் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் ஒற்றை ஸ்வரத்தை ஓடவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்வரத்தில் கரகரத்தால் ட்ரைவர் அடிபட்டிருக்கிறது, உத்தரவாதம் இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள்.

ஈக்வலைசரில் பேஸை ஏற்றிய பிறகுதான் கரகரப்பு என்றால் ஹெட்போன் பாவம். பேஸை 6 டெசிபல் ஏற்றினால், மொத்த ஒலியை, அதாவது ப்ரீஆம்ப் என்று எழுதியிருக்கும் அளவை, 6 டெசிபல் இறக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோனுக்குள்ளேயே அலை தலைதட்டிவிடும்.

"காதில் குத்துகிறது, ஸ, ச, ஷ எல்லாம் சீறுகிறது"

மலிவு விலை மூடிய ஹெட்போன்களில் 6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை எங்காவது ஒரு கூர் இருப்பது சகஜம். அது எங்கே என்பது உங்கள் காதின் வடிவத்தையும் பொறுத்தது, அதனால் இன்னொருவரின் அளவீட்டை அப்படியே நகலெடுப்பதில் அதிகப் பயன் இல்லை. ஏறும் ஸ்வரத்தை ஓடவிட்டு எங்கே சுளீர் என்கிறதோ அங்கே 3 அல்லது 4 டெசிபல் மட்டும் குறையுங்கள். பேஸ் கசிவைச் சரிசெய்த பிறகு இதைச் செய்யுங்கள். பேஸ் போனால் ட்ரெபிள் (மேல் ஸ்வர ஒலி) தானாகவே தூக்கலாகத் தெரியும், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

"வீட்டில் பேஸ் அதிகம், வெளியே போனால் சரியாக இருக்கிறது"

இது குறையே இல்லை. வண்டியின் உறுமலும் தெருவின் இரைச்சலும் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில்தான் இருக்கும், அவை பாட்டின் பேஸை மூடிவிடும். வெளியே கேட்கத் தேர்ந்தெடுக்கும் ஹெட்போனில் பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருப்பது நல்லதே. அமைதியான அறையில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஒதுக்கிவிடாதீர்கள்.

"மூடிய வகைதானே, ஆனாலும் இரைச்சல் உள்ளே வருகிறது"

மூடிய கப் மேல் அதிர்வெண்களை நன்றாகத் தடுக்கும். பேச்சு, தட்டச்சு, பாத்திரச் சத்தம் இவையெல்லாம் அமுங்கிப் போகும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, எஞ்சின் முழக்கத்தை, அவ்வளவாகத் தடுக்காது. சென்ஹைசர் ஹெச்டி 280 ப்ரோவுக்கு அந்த நிறுவனமே சொல்வது 32 டெசிபல் வரை என்று. அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள், எல்லா அதிர்வெண்ணிலும் அல்ல. தினமும் பேருந்து, ரயில், விமானம் என்று போகிறவருக்கு எஞ்சின் முழக்கம்தான் எதிரி என்றால், வெறும் மூடிய ஹெட்போனில் எவ்வளவு தேடினாலும் மனம் நிறையாது. இரைச்சலை எதிரலையால் அழிக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகை அந்த ஒரு விஷயத்தில் தெளிவாக மேல்.

இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புவது வால்யூமைப் பற்றி. இரைச்சலைத் தாண்டிக் கேட்பதற்காகத்தான் எல்லோரும் வால்யூமை ஏற்றுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. கசிவில்லாமல் பொருந்திய ஒரு ஹெட்போன் வால்யூமைச் சில படிகள் இறக்க வைக்கும். கேட்டு முடித்துக் கழற்றியதும் காதில் 'ங்ங்' என்று ரீங்காரம் இருந்தால் அதை அறிகுறிகளிலேயே முதன்மையானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"தலை இறுக்குகிறது, காது வேகிறது"

புது ஹெட்போன் இறுக்கமாக இருப்பது கசிவு வராமல் இருக்கத்தான். ஓரிரு வாரத்தில் தளரும். அவசரம் என்றால் உங்கள் தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கில் ஓர் இரவு மாட்டி வையுங்கள். காலையில் போட்டுப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னொரு இரவு. உள்ளே உலோகப் பட்டை உள்ளவற்றைக் கையால் மெல்ல விரிக்கலாம். முழுக்கப் பிளாஸ்டிக் என்றால் வேண்டாம், வெடித்துவிடும். அதிகம் தளர்த்தினால் பேஸ் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காது மடல் உள்ளே ட்ரைவர் மூடியில் இடிக்கிறது என்றால் பேடின் ஆழம் போதவில்லை. இதைப் பழகிக்கொள்ள முடியாது. காதைச் சூழும் வகை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பேடின் உள்துளை உங்கள் காதைவிடப் பெரிதா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். சூட்டுக்கு முழுத் தீர்வு கிடையாது. முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றுங்கள், முடிந்ததும் உலர்ந்த துணியால் பேடைத் துடையுங்கள். பேடின் ஆயுளும் கூடும்.

"ப்ளூடூத்தில் பாட்டு நன்றாக இருந்தது, திடீரென்று பழைய ரேடியோ மாதிரி ஆகிவிட்டது"

ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்திருக்கிறது. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக் தேவைப்பட்டதும் பேச்சு வழிக்கு மாறும், ஒலி ஒற்றைத் தடமாகிவிடும், மாதிரி வீதம் (ஒரு நொடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கூட்ட அழைப்பு, விளையாட்டு, குரல் உதவியாளர் எது திறந்திருக்கிறது என்று பார்த்து மூடுங்கள், அல்லது லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

"எல்லாம் சோதித்துவிட்டேன், பழுது எதுவும் இல்லை, ஆனாலும் பிடிக்கவில்லை"

சரி, அதுவும் நியாயமான முடிவுதான். ஆனால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு அனுமதித்தால் ஒரு வாரம் கொடுங்கள். அந்த வாரத்தில் பேட் உங்கள் தாடைக்கு ஏற்ப இளகும், காதும் புதிய ஒலிக்குப் பழகும். ட்ரைவரை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறும் என்று சொல்வார்கள். மாற்றம் பெரும்பாலும் பேடிலும் காதிலும்தான் என்பது என் அனுபவம். ஒரு வாரத்துக்குப் பிறகும் குரல் பின்னால் நிற்கிறது, அல்லது ட்ரெபிள் சலிப்பூட்டுகிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்ததைக் கையில் எடுக்கும்போது உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஃபோனையும் அடாப்டரையும் கொண்டுபோங்கள். பாட்டை ஓடவிட்டுத் தலையை இடமும் வலமும் திருப்புங்கள், குனியுங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு அசைவிலும் பேஸ் மாறாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். மடக்கி உங்கள் பைக்குள் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் கழற்றாமல் போட்டிருங்கள். இதில் தேறினால் தயங்காமல் வாங்கலாம்.